ஈப்பரா, ஸோமா, வெர்டனா, நார்மண்டியா? குழுவாகப் போர்க்களம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

"18 பேர் வருகிறோம். மூத்தவருக்கு 78 வயது, கடைக்குட்டிக்கு 9. லீவு நான்கே நாள். எந்தப் போர்க்களத்துக்குப் போகலாம்?" சென்ற மாதம் லண்டனிலிருந்து ஒரு வாசகி இப்படி எழுதியிருந்தார். ஆள் எண்ணிக்கையும் வயதும் மாறுமே தவிர, இதே கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. நான் வட பிரான்ஸின் லில் நகரில் இருக்கிறேன். உறவினர்கள், நண்பர்கள், அவர்களின் நண்பர்கள் என்று சில குழுக்களை இந்தப் பக்கத்துப் போர்க்களங்களுக்கு அழைத்துப் போயிருக்கிறேன்.

முதல் குழுவுக்கு நான் செய்தது பெரிய தவறு. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்களே, எல்லாவற்றையும் காட்டிவிடலாம் என்று நான்கு நாளில் ஈப்பர், ஸோம், வெர்டன் என்ற முதல் உலகப்போர்க் களங்கள் மூன்றையும் திட்டத்தில் சேர்த்தேன். ஸோமிலிருந்து வெர்டனுக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மூன்றாம் நாள் மாலை, ஒரு கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நின்றுகொண்டு பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, காலையில பார்த்தோமே, அது எந்த நாடு?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆயிரக்கணக்கான வெள்ளைக் கற்களை ஜன்னல் வழியாகவும் அவசரநடையிலும் காட்டினால் யாருக்கும் அப்படித்தான் குழம்பும். அதற்குப் பிறகு ஒரு பயணத்துக்கு ஒரு களம்தான் என்று வைத்துக்கொண்டேன். எந்தக் களம் என்பதற்குத்தான் இந்த ஒப்பீடு.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் குழுவில் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: எதற்காகப் போகிறோம்? பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு காட்டவா, குறிப்பிட்ட ஒருவரின் பெயரைத் தேடியா, இந்தியச் சிப்பாய்கள் விழுந்த மண்ணைப் பார்க்கவா? பதில் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு ஐந்து உரைகற்கள் போதும்.

கால்: பஸ் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும், தரை எப்படிப்பட்டது.

கண்: விளக்கம் இல்லாமலே என்ன தெரிகிறது. நூறு வருடத்துக்குப் பிறகு பெரும்பாலான போர்க்களங்கள் கோதுமை வயலும் உருளைக்கிழங்கு வயலும்தான். வயலுக்கு முன்னால் நிறுத்தி "இங்கேதான் நடந்தது" என்று சொன்னால் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எதுவும் தெரியாது.

பஸ் நேரம்: ஓர் இடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது.

மனம்: யார் எதைத் தாங்குவார்கள். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை.

பணம்: இங்கேதான் முதல்முறை திட்டம் போடுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். கல்லறைத் தோட்டங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆகவே இது மலிவான பயணம் என்று தோன்றும். டிரைவருக்கு அறை, அவருக்குச் சாப்பாடு, கைடு கூலி, ஒவ்வோர் அருங்காட்சியகத்துக்கும் தனித்தனி டிக்கெட், சுங்கச் சாலை என்று செலவு வேறு பக்கத்திலிருந்து வரும்.

ஈப்பர், பெல்ஜியம்

நான்கு களங்களில் மிகக் கச்சிதமானது இது. 1914 முதல் 1918 வரை இந்த ஊரை விட்டுக்கொடுக்காமல் பிடித்துவைத்திருக்க மூன்று பக்கமும் சூழ்ந்த ஜெர்மன் பீரங்கிகளுக்கு நடுவே பிரிட்டிஷ், நேசநாட்டுப் படைகள் சண்டையிட்டன. ஊர் தரைமட்டமானது. இன்று நாம் பார்க்கும் இடைக்காலத் துணி மண்டபம், பழைய அச்சிலேயே கல் கல்லாக எழுப்பியது. அந்த வேலை 1967இல்தான் முடிந்தது. அதற்குள்ளேதான் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. முதல் நாள் காலை குழுவை நேராக அங்கே அழைத்துப் போய்விடுங்கள். பிறகு வெளியே பார்க்கும் எல்லாமே புரியும்.

ஊரின் கிழக்கு வாசலில் மெனின் வாயில். உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதன் சுவர்களில் இருக்கின்றன. 1927இல் திறந்தபோதே இடம் போதவில்லை. 1917 ஆகஸ்ட் நடுவுக்குப் பின் காணாமல் போன ஏறத்தாழ 35,000 பிரிட்டிஷ், நியூசிலாந்து வீரர்களின் பெயர்களை டைன் காட் கல்லறையின் பின்சுவரில் செதுக்க வேண்டியதாயிற்று. 1928 ஜூலை 2இலிருந்து ஒவ்வொரு மாலையும் எட்டு மணிக்கு மெனின் வாயிலின் கீழ் போக்குவரத்தை நிறுத்தி, இறந்தவர்களின் நினைவாக எக்காளம் ஊதுகிறார்கள். ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்த இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மட்டும் இங்கிலாந்தின் புரூக்வுட் கல்லறையில் ஊதினார்கள். 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படை ஊரை மீட்ட மாலையே, ஊரின் வேறு பகுதிகளில் சண்டை ஓய்வதற்குள், இங்கே மறுபடி ஊதினார்கள். இதைக் குழுவுக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள். அங்கே நிற்கும் சில நிமிடங்களின் கனமே மாறிவிடும்.

டைன் காட் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறைகளில் உலகிலேயே பெரியது. ஏறத்தாழ 12,000 கற்கள். அவற்றில் 8,300க்கும் மேற்பட்டவற்றில் பெயர் இல்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து நடக்கும்போது, இறந்தவர்களின் பெயர்களை ஒரு பெண்குரல் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இருக்கும். பாதை சமதளம், சக்கர நாற்காலி போகும். அங்கிருந்து லாங்கமார்க் ஜெர்மன் கல்லறைக்குக் கட்டாயம் போங்கள். ஓக் மரங்களின் இருட்டு, தரையோடு படுத்திருக்கும் கற்கள், 44,000க்கும் மேற்பட்ட உடல்கள். அவர்களில் ஏறத்தாழ 25,000 பேர் ஒரே குழியில். வென்றவன் கல்லறையையும் தோற்றவன் கல்லறையையும் ஒரே பிற்பகலில் பார்த்த பிள்ளைகள், திரும்பும் வழியில் தாங்களாகவே பேச ஆரம்பித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

குறை, கண்ணுக்குத்தான். பாஷண்டேல் மேடு என்கிறார்கள். போய்ப் பார்த்தால் சைக்கிளில் மூச்சு வாங்காமல் ஏறும் சரிவு. அந்தச் சரிவுக்காகத்தான் 1917 ஜூலை 31 முதல் நவம்பர் 10 வரை சேற்றில் அத்தனை பேர் மாண்டார்கள் என்பதை விளக்க நல்ல கைடு வேண்டும். இங்கே கைடு கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. எக்காளம் எட்டு மணிக்கு. ஐரோப்பியச் சட்டப்படி பஸ் டிரைவருக்கு ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே பொதுவாக 11 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும். காலை எட்டுக்குக் கிளம்பி, இரவு ஒன்பதுக்கு ஊருக்கு வெளியே உள்ள ஓட்டலுக்குத் திரும்பினால், மறுநாள் காலை அவரைச் சீக்கிரம் எடுக்கச் சொல்ல முடியாது. இரண்டாவது டிரைவர் வேண்டும் என்று கம்பெனி கேட்கும். இதனாலேயே ஒரு குழு எக்காளம் கேட்காமலே திரும்பியது. இன்றும் எனக்கு அது வருத்தம். ஊர் மதிலுக்குள்ளேயே, வாயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கணக்குப் பார்த்தால் லாபம்தான். பள்ளிக் குழுக்கள் குவியும் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் அரைமணி நேரம் முன்னதாகப் போனால்தான் முன்வரிசை. மலர்வளையம் வைக்க விரும்பினால் விழாவை நடத்தும் சங்கத்திடம் முன்பதிவு செய்ய வேண்டும். நவம்பர் 11ஐ ஒட்டி அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

யாருக்கு ஏற்றது: முதல்முறை போகிறவர்கள், முதியவரும் சிறுவரும் கலந்த குடும்பம், பிரெஞ்சு தெரியாதவர்கள் (இங்கே ஆங்கிலம் தாராளமாகச் செல்லும்), சொந்த வண்டி இல்லாமல் ரயிலில் வந்திறங்குகிறவர்கள்.

ஸோம், பிரான்ஸ்

1916 ஜூலை 1. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படைக்கு 57,470 பேர் சேதம், அதில் 19,240 பேர் சாவு. ஸோமுக்குப் போகிற எவரும் இந்த எண்ணோடுதான் போகிறார்கள். அந்த எண்ணுக்கு உருவம் கொடுக்கும் இடங்கள் இங்கே உண்டு, அதுதான் ஈப்பரைவிட இதன் பலம்.

போமோன் ஹாமெலில் பதுங்குகுழிகள் புல் மூடிய நிலையில் அப்படியே இருக்கின்றன. நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து வந்த ஏறத்தாழ 800 பேர் இந்தக் குழியிலிருந்து ஏறினார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னது 68 பேர். ஏறிய இடத்திலிருந்து விழுந்த இடத்துக்கு நீங்கள் நடந்தே போகலாம், சில நிமிடம்தான். லா புவாஸெல் கிராமத்தில் லாக்நகர் பள்ளம்: அன்று காலை 7.28க்குப் பூமிக்கடியில் வைத்த வெடி கிளப்பியது. ஏறத்தாழ 90 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம். விளக்கமே வேண்டாம், விளிம்பில் நின்றால் போதும்.

தியெப்வால் நினைவகத்தில் உடல் கிடைக்காத 72,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். தில்லி இந்தியா கேட்டை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தது இது. இந்தியா கேட் 1931, தியெப்வால் 1932. இரண்டையும் பார்த்தவர்களுக்கு வளைவுகளிலேயே ஒற்றுமை பிடிபடும்.

குறை, காலும் பஸ் நேரமும். இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. சில கல்லறைகளுக்கு வயல் நடுவே புல்பாதைதான் வழி; மழை பெய்தால் களிமண் செருப்பை விடாது. 50 இருக்கை பஸ் சில சந்துகளில் திரும்பவே முடியாது. கழிப்பறை இருப்பது தியெப்வால் போன்ற பெரிய இடங்களில் மட்டுமே, அதை வைத்துத்தான் நாளின் வரிசையையே போட வேண்டும். முதியவர்கள் இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை. சாப்பாடு இன்னொரு சிக்கல். கிராமத்து உணவகங்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் அடுப்பு. ஞாயிறு, திங்களில் பல கடைகள் திறப்பதே இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ரொட்டியும் சீஸும்தான் கிடைக்கும். நாங்கள் எப்போதும் புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடுவோம். ஆனால் அதைக் கல்லறைத் தோட்டத்துக்குள் பிரிக்கக் கூடாது.

யாருக்கு ஏற்றது: தேடிப் போக ஒரு பெயரோ ஒரு படைப்பிரிவோ இருப்பவர்களுக்கு. ஏற்கெனவே கொஞ்சம் படித்தவர்களுக்கு. பத்துப் பேருக்குக் குறைவான, நன்றாக நடக்கக்கூடிய குழுவுக்கு. அறை எடுக்க ஆமியானும் ஆராஸும் நல்ல ஊர்கள்.

இரண்டுக்கும் நடுவே, தவறவிடக் கூடாத ஒரு நாள்

ஈப்பரையோ ஸோமையோ தேர்ந்தெடுத்தால் கூடவே இந்த ஒரு நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் பலர் இதை அறியாமலே திரும்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்குத் தாங்காது.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது நமக்குத் தெரியும். நம் பேச்சில் அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே மாதக் கடைசியில் இந்தியப் படைகள் மார்சேய் துறைமுகத்தில் இறங்கின. அக்டோபர் 31 அன்று ஈப்பருக்குப் பக்கத்தில் ஹோலபேக்கில், தன் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் எல்லோரும் இறந்த பிறகும் சுட்டுக்கொண்டிருந்த 129ஆம் பலூச்சிப் படையின் குதாதாத் கான், விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் ஆனார். மெனின் வாயிலிலும் இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்கள் இருக்கின்றன. பக்கத்து மதில்மேட்டில் தனி இந்திய நினைவுச்சின்னமும் உண்டு.

1915 மார்ச் 10 முதல் 13 வரை நவ் ஷபெல் கிராமத்தில் நடந்த தாக்குதலில் களமிறங்கிய படையில் ஏறத்தாழ பாதி இந்தியப் படையணி. ஈப்பரிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், சாலைச் சந்திப்பு ஒன்றில், வட்ட மதிலோடு வெள்ளையாக நிற்கிறது அவர்களின் நினைவகம். 15 மீட்டர்த் தூண், உச்சியில் தாமரை, இருபுறமும் புலிகள். கல்லறை கிடைக்காத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள். வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர்; தில்லித் தலைமைச் செயலகமும் டைன் காட்டும் அவர் கைவேலைதான். இங்கே கடை இல்லை, கழிப்பறை இல்லை, பெரும்பாலான நாட்களில் வேறு ஆளும் இல்லை. பிள்ளைகள் சுவரில் விரல் வைத்து, கூர்க்கா, கார்வால், சீக்கியர் என்று தலைப்புகளை வாசிப்பார்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அப்படியே தெற்கே வந்தால் விமி மேடு. கனடாக்காரர்களின் நினைவகம், கூடவே செப்பனிட்டு வைத்த பதுங்குகுழிகள். வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடப்பதால் வேலியடைத்த பகுதிகளில் புல்லை மேய ஆடுகளைத்தான் விடுகிறார்கள். ஒட்டியே நோத்ர்தாம் த லொரெத். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வெர்டன், பிரான்ஸ்

நான்கில் மிகக் கனமானது இது. 1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் 18 வரை, ஏறத்தாழ 300 நாள், இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 3,00,000 பேர் செத்தார்கள். மற்ற இடங்களில் வயல் திரும்பிவிட்டது, இங்கே திரும்பவில்லை. குண்டும் நச்சும் ஊறிய மண்ணில் பயிர் வைக்கக் கூடாது என்று மூடி, மரம் நட்டுவிட்டார்கள். ஆகவே காட்டுக்குள் நடந்தால் கால்வைக்கும் இடமெல்லாம் பள்ளமும் மேடும்தான். அழிந்த ஒன்பது கிராமங்களில் ஃப்ளூரியும் ஒன்று. தெரு இருந்த இடத்தில் பாதை, பாதையோரம் 'ரொட்டிக்கடை', 'பள்ளி' என்று சிறு பலகைகள். மீண்டும் எழாத இந்தக் கிராமங்களுக்கு ஆளே இல்லாவிட்டாலும் இன்றும் மேயர் நியமிக்கிறார்கள். ஈப்பரில் ஊரைத் திரும்பக் கட்டினார்கள், இங்கே ஊர் இருந்த இடத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். இந்த இரண்டில் எது உங்கள் குழுவுக்கு வேண்டும் என்பதே ஒரு நல்ல உரைகல்.

துவோமோன் எலும்பு மண்டபத்தில் அடையாளம் தெரியாத ஏறத்தாழ 1,30,000 பிரெஞ்சு, ஜெர்மன் வீரர்களின் எலும்புகள் கலந்து கிடக்கின்றன. எதிரெதிராகச் சுட்டவர்களைப் பிரிக்க வழி இல்லை. கட்டடத்தின் பின்புறம் தரை மட்டத்தில் சிறு ஜன்னல்கள் உண்டு. குனிந்து பார்த்தால் எலும்புகள் நேராகத் தெரியும். ஒருமுறை என்னோடு வந்த எட்டு வயதுப் பெண் நான் கவனிப்பதற்குள் குனிந்துவிட்டாள். அன்றிரவு அவள் தூங்கவில்லை. அவள் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் வெர்டன் வேண்டாம் என்பது அதிலிருந்து என் உறுதியான கருத்து. முன்னே 16,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் சரிந்திறங்கும் புல்வெளியில்தான் 1984 செப்டம்பர் 22 அன்று பிரெஞ்சு அதிபர் மித்தெரானும் மேற்கு ஜெர்மனியின் சான்ஸலர் கோலும் கைகோத்து நின்றார்கள். பெரியவர்கள் மட்டும் உள்ள குழுவுக்கு அந்த இடத்தைவிட ஆழமான ஓரிடம் ஐரோப்பாவில் எனக்குத் தெரியாது.

துவோமோன், வோ கோட்டைகளுக்குள் கோடையிலும் குளிரும் ஈரமும். ஸ்வெட்டர் இல்லாமல் நுழையாதீர்கள். வோ கோட்டையில் தண்ணீர் தீர்ந்து 1916 ஜூன் 7 அன்று சரணடைந்தார்கள். கடைசிப் புறா அனுப்பிய கதையைக் கைடு சொல்வார். பாதையை விட்டு இறங்கக் கூடாது, துருப்பிடித்த எதையும் தொடக் கூடாது. இதைப் பஸ்ஸிலேயே இரண்டு தடவை சொல்லிவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: அருங்காட்சியகம், ஒவ்வொரு கோட்டை, எலும்பு மண்டபக் கோபுரம் என்று டிக்கெட் தனித்தனி, சேர்த்து வாங்கும் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். குளிர்காலத்தில் சில வாரங்கள் சில இடங்கள் மூடியிருக்கும். பாரிஸிலிருந்து அதிவேக ரயில் ஒரு மணி நேரத்தில் மியூஸ் நிலையத்தில் இறக்கிவிடும். ஆனால் நிலையம் ஊருக்கு வெகு வெளியே, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். களத்துக்கு இன்னொரு வண்டி.

யாருக்கு ஏற்றது: வயதுவந்தவர்கள், நன்றாக நடப்பவர்கள், இரண்டாவது தடவை போகிறவர்கள், பிரெஞ்சு பேசத் தெரிந்த ஒருவராவது கூட இருப்பவர்கள்.

நார்மண்டி, பிரான்ஸ்

இது வேறு போர், இரண்டாம் உலகப்போர். 1944 ஜூன் 6 அன்று நேசநாட்டுப் படைகள் இறங்கிய ஐந்து கடற்கரைகள். பிள்ளைகளின் கண்ணுக்கு இதுவே முதலிடம்: லோங் சுர் மேரில் பீரங்கிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, புவாந்த் து ஹாக்கில் குண்டுப் பள்ளங்களுக்குள் இறங்கி ஏறலாம், ஆரோமான்ஷில் கடலுக்குள் கொண்டுவந்து பொருத்திய செயற்கைத் துறைமுகத்தின் கான்கிரீட் துண்டுகள் நிற்கின்றன. அதை நீர் வற்றும் நேரத்தில் பார்க்க வேண்டும். கிளம்பும் முன் ஓதம் ஏறி இறங்கும் அட்டவணையைப் பார்க்காத குழு வெறும் அலையைப் பார்த்துத் திரும்பும்.

கொல்வில் அமெரிக்கக் கல்லறையில் 9,380க்கும் மேற்பட்ட பளிங்குச் சிலுவைகளும் தாவீது நட்சத்திரங்களும். லா காம்ப் ஜெர்மன் கல்லறையில் 21,000க்கும் மேற்பட்டோர். வெர் சுர் மேரில் 2021இல் திறந்த பிரிட்டிஷ் நினைவகத்தில் 22,000க்கும் மேற்பட்ட பெயர்கள். கான் நகர அருங்காட்சியகத்துக்குப் போனால், விடுதலைக்காக விழுந்த குண்டுகளில் நார்மண்டியின் பொதுமக்கள் ஏறத்தாழ 20,000 பேர் இறந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தூரம்தான் இதன் விலை. கடற்கரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம்; ஒரே நாளில் ஐந்தையும் என்று விளம்பரம் செய்யும் சுற்றுலாவில் பஸ் கண்ணாடிதான் மிச்சம். குறைந்தது இரண்டு முழு நாள். ஜூன் 6ஐ ஒட்டிய வாரத்தில் அறை வாடகை எகிறும், விழாக்களுக்காகச் சாலைகளை மூடுவார்கள். தங்க பாயோ நல்ல ஊர். பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இங்கிலாந்தில் இருப்பவர்கள் போர்ட்ஸ்மத்திலிருந்து கப்பலில் வண்டியோடு நேராக வந்திறங்கலாம்.

யாருக்கு ஏற்றது: 10 முதல் 16 வயதுப் பிள்ளைகள் அதிகமுள்ள குழு, கடற்கரை விடுமுறையோடு சேர்த்துப் போகிறவர்கள், வாரம் முழுக்கக் கையில் இருப்பவர்கள்.

ஒரே பார்வையில்

| | ஈப்பர் | ஸோம் | வெர்டன் | நார்மண்டி |
|---|---|---|---|---|
| முதியவர் நடக்க | எளிது | சிரமம் | சிரமம் | சுமார் |
| சிறுவர் மனம் | தாங்கும் | தாங்கும் | 12 வயதுக்கு மேல் | நன்று |
| கைடு இல்லாமல் புரிவது | குறைவு | பாதி | அதிகம் | அதிகம் |
| பஸ்ஸில் கழியும் நேரம் | மிகக் குறைவு | நடுத்தரம் | குறைவு | மிக அதிகம் |
| குறைந்தது | 2 நாள் | 2 நாள் | 2 நாள் | 2 முதல் 3 நாள் |
| எதிர்பாராத செலவு | இரவில் டிரைவர் | உணவு, சிறு வண்டி | தனித்தனி டிக்கெட் | ஜூன் மாத வாடகை |

பஸ்ஸா, வேனா, ரயிலா

25 பேருக்கு மேல் என்றால் டிரைவரோடு பஸ்தான், யோசிக்க ஒன்றும் இல்லை. விலை கேட்கும்போதே டிரைவர் அறை, சாப்பாடு, சுங்கம், நிறுத்தக் கட்டணம் உள்ளடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

சங்கடம் 12 முதல் 20 பேர் வரை. இரண்டு ஒன்பது இருக்கை வேன் எடுத்தால் (ஓட்டுகிறவர்களையும் சேர்த்து 18 பேர் வரைதான்) சாதாரணக் கார் உரிமமே போதும், ஸோமின் சந்துகளிலும் நுழையும், செலவும் பாதி. ஆனால் ஓட்டுகிற இருவர் எதையும் பார்ப்பதில்லை. மாலையில் அவர்கள்தான் முதலில் களைத்துப்போகிறார்கள். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய லண்டன்காரர்களுக்கு முதல் நாள் பதற்றம். காப்பீட்டில் உங்கள் பொறுப்புத் தொகை எவ்வளவு என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வேன் கதவில் விழுந்த கீறலுக்கு நாங்கள் கொடுத்தது இரண்டு நாள் கைடு கூலியைவிட அதிகம்.

ரயிலில் வந்து, உள்ளூர்க் கைடின் வண்டியை அரைநாள் அரைநாளாக எடுப்பது ஈப்பரில் அருமையாக நடக்கும், பாயோவில் ஓரளவு நடக்கும். ஸோமிலும் வெர்டனிலும் எனக்கு அது சரிப்பட்டதில்லை.

விசாவை மறக்க வேண்டாம். இங்கிலாந்தில் வசித்தாலும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஈப்பரில் மூன்று இரவு என்றால் பெல்ஜியம். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 18 பேரில் ஒருவருக்குத் தாமதமானால் குழுவே காத்திருக்கும். ஆகவே விசா கையில் வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத அறைகளைப் பதிவு செய்யாதீர்கள்.

அந்த 18 பேருக்கு நான் சொன்னது

78 வயதுத் தாத்தா, 9 வயதுப் பேத்தி, நான்கு நாள். ஈப்பர் என்று எழுதினேன், தயக்கமில்லாமல். மதிலுக்குள் மூன்று இரவு, ஒரே விடுதி, பெட்டியைத் திரும்பக் கட்ட வேண்டாம். முதல் நாள் அருங்காட்சியகம், மாலை மெனின் வாயில். இரண்டாம் நாள் கைடோடு டைன் காட், லாங்கமார்க், மதியத்துக்குப் பிறகு ஓய்வு. மூன்றாம் நாள் நவ் ஷபெலும் லொரெத்தும். நான்காம் நாள் காலியாக; யாருக்காவது எக்காளத்தை இன்னொரு மாலை கேட்க வேண்டும் என்று தோன்றினால் இரண்டாம், மூன்றாம் நாள் மாலைகளும் இருக்கின்றன.

கிளம்பும் முன் ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் தேடலாம். ஆளுக்கு ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். உறவாக இருக்க வேண்டியதில்லை. எந்தச் சுவரில், எந்தப் பலகையில் என்று குறித்து வாருங்கள். பேத்தியிடமும் ஒரு பெயர் இருக்கட்டும்.

லொரெத்தை மூன்றாம் நாளின் கடைசியில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2014இல் திறந்த நினைவு வளையம் அங்கே இருக்கிறது. ஆளுயரத்தைத் தாண்டிய 500 உலோகப் பலகைகள் ஒரு பெரிய வட்டமாக நிற்கின்றன. பிரான்ஸின் இந்த வடகோடியில் 1914 முதல் 1918 வரை இறந்த ஏறத்தாழ 5,80,000 பேரின் பெயர்கள். நாடு இல்லை, பதவி இல்லை, எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதும் இல்லை; அகர வரிசை மட்டும்தான். தரை சமதளம், தாத்தாவுக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் சுலபமாகப் போகும். பஸ்ஸை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். 'எஸ்' எழுத்துப் பலகைகளுக்குப் போங்கள். ஜெர்மானிய ஷ்மிட்டுகளைத் தாண்டினால் பஞ்சாபின் சிங்குகள், அவர்களைத் தாண்டினால் பிரிட்டிஷ் ஸ்மித்துகள், எல்லோரும் ஒரே வட்டத்துக்குள்.